பஞ்சு சிக்காத விளிம்பு

கண்ணை மூடிக்கொண்டு, ஒரு துணுக்குப் பஞ்சை விரலிடுக்கில் பிடித்து, பல்லில் மாட்டுகிற அந்தச் சின்னப் பிளேட்டின் விளிம்பு முழுக்க இழுத்துக்கொண்டு போகிறார் தாடையக்கா. வெளிப்பக்கம் ஒரு சுற்று, உள்பக்கம் ஒரு சுற்று. பஞ்சின் ஒரே ஒரு இழை எங்காவது சிக்கினாலும் போதும், பிளேட் மறுபடி தேய்க்கிற மெஷினுக்குப் போய்விடும். "பஞ்சுக்கே உறுத்துதுன்னா நாக்குக்கு உறுத்தாதா? நாக்கு என்ன மரக்கட்டையா?" என்று தேய்த்துக்கொண்டே கேட்பார். பதில் சொல்ல அந்த அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்து மேசைக்காரர்கள் இந்தக் கேள்வியை ஆயிரம் தடவை கேட்டுவிட்டு எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள்.

அவர் செய்வது குறட்டைக்காரர்களுக்கான பிளேட். மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று, இரண்டையும் இணைக்கப் பக்கத்துக்கு ஒரு பட்டை. படுக்கப் போகும்போது மாட்டிக்கொண்டால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வந்து நிற்கும். நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்காது. யாருக்கு இது ஒத்துவரும் என்பதைத் தூக்க மருத்துவரும் பல் டாக்டரும் பார்த்துச் சொல்வார்கள். டாக்டர் எடுத்த பல் அச்சு லேபுக்கு வரும். அதில் பிளாஸ்டர் ஊற்றி அந்த வாயை அப்படியே மாதிரியாக எடுத்து, அதன்மேல் பிளேட்டை உருவாக்குவது இவர் பொறுப்பு. ஒருவருடையது இன்னொருவருக்குச் சேராது. பல் லேபில் இருபத்தாறு வருடம், அதில் கடைசிப் பதினொரு வருடம் இதே வேலை. கூட வேலை செய்பவர்கள் சூட்டிய பெயர்தான் தாடையக்கா. கோபம் வரவில்லையா என்று கேட்டால், "அவங்க அதைப் பட்டப்பேர்னு நெனைக்கிறாங்க. நான் பட்டம்னு நெனைச்சுக்கிறேன்" என்பார்.

முதல் பிளேட்டை மாட்டிக்கொண்டவர் வீட்டுக்காரர்தான். குழாய் ரிப்பேர் பார்ப்பவர். தோளில் பை, பேச்சில் குறும்பு. "நானும் அடைப்பு எடுக்கிறவன், அவளும் அடைப்பு எடுக்கிறவ. என்ன, எனக்குச் சட்டை நனையும்" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டுத்தான் குழாயைக் கழற்றுவார். கேட்டவர்களுக்குக் குறட்டை இருக்கிறதோ இல்லையோ, மனைவியின் பெருமை அவர்கள் காதில் விழுந்தாக வேண்டும்.

தாடையக்காவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. பஸ் ஏறினால், டிரைவரின் முகம் கண்ணாடியில் தெரிகிற சீட்டில்தான் உட்காருவார். அது காலியாக இல்லாவிட்டால் அதன் பக்கத்தில் நிற்பார். டிரைவர் விடுகிற கொட்டாவியை எண்ணுவார். மூன்றாவது கொட்டாவிக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். "இவளோட கிளம்பினா வீடு வந்து சேர மூணு பஸ் மாறணும்" என்று அலுத்துக்கொள்வார் வீட்டுக்காரர். தூங்காதவர்களின் கதையையே நாள் முழுக்கக் கையில் வைத்துத் தேய்க்கிறவருக்கு வேறு எப்படி இருக்கும்?

கைமேல் அவருக்கு அசாத்திய நம்பிக்கை. அச்சு எடுக்கிற கலவையில் காற்றுக் குமிழ் தங்கிவிட்டால், பிளாஸ்டர் மாதிரியில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு முளைக்கும். லேபில் அதற்கு மொட்டு என்று பெயர். மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதைத் தாடையக்கா விரலால் தடவியே கண்டுபிடித்து, கத்தி நுனியால் ஒரு சுண்டு சுண்டுவார். "வாய்ல இல்லாத சரக்கு. போகட்டும்!" மொட்டு தெறித்து எங்கோ விழும். அவர் சுண்டுவதைப் பார்ப்பதற்கென்றே மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்புவது உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அச்சு வந்தது. அதோடு வந்த துண்டுச் சீட்டில் பெயர் இல்லை, எண் மட்டும். அதன் கீழே பல் டாக்டரம்மாவின் கையெழுத்தில் 'பஸ் டிரைவர். அவசரம்' என்று இருந்தது. சிவப்பு விளக்குக்கு நின்ற மனிதர், பச்சை விழுந்தும் நகரவில்லையாம். முன்சீட்டு அம்மா ஒருவர் தோளைத் தட்டிய பிறகுதான் விழித்திருக்கிறார். பரிசோதித்தால், தூக்கத்தில் மணிக்கு முப்பத்தெட்டு முறை மூச்சு நிற்கிறது. தூக்கத்தில் மூச்சுக்காற்றை அழுத்தி அனுப்புகிற மெஷினின் முகமூடியை அவரால் பொறுக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது பிளேட் ஒன்றுதான். மறுபரிசோதனையில் தேறினால் திரும்ப ஸ்டீயரிங். தேறாவிட்டால், பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டியவர் கடைசிவரை டெப்போ ஜன்னலில் உட்கார்ந்து மற்ற டிரைவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

முதல் பிளேட் ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. 'உட்காரவில்லை. வலிக்கிறது.' மறுபடி அச்சு, மறுபடி பிளேட். அதுவும் திரும்பி வந்தது. டாக்டரம்மா அங்கே இங்கே தேய்த்துப் பார்த்திருக்கிறார். வலி குறைந்தால் பிடிப்பு தளர்ந்துவிடுகிறது. தாடையக்கா பிளேட்டை மாதிரியின் மேல் வைத்தார். டப்பாவுக்கு மூடி போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. போனை எடுத்தார்.

"மாதிரியில ஜம்முனு உட்காருது டாக்டர். என் பிளேட்ல ஒரு தப்பும் இல்ல. அவரு வாய்லதான் ஏதோ தப்பு இருக்கு."

"வாயைக் கழட்டி லேபுக்கு அனுப்ப முடியாதேம்மா. நீங்களே வந்து பாத்துடுங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றுவரை இருபத்துநாலு வருடத்தில் ஆயிரக்கணக்கான பல்வரிசைகளைக் கையில் ஏந்தியவர், வேலைக்காக ஓர் உயிருள்ள வாயை எட்டிப் பார்த்ததே இல்லை. இரண்டு மாதிரிகளையும் துண்டில் சுற்றிக்கொண்டு, வழக்காடப் போகிறவர் மாதிரி விறைப்பாகப் போனார். நாற்காலியில் டிரைவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. "ரெண்டு மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்கிறாரு, அப்புறம் கழட்டிடறாரு. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு. சொன்னா வேலை போயிடுமோன்னு பயம்" என்றார் அந்த அம்மா.

டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியைக் கொடுத்து விளக்கைத் திருப்பினார். தாடையக்கா குனிந்து பார்த்தார். மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லின் உள்பக்கம், ஈறோரமாக, எள்ளளவுக்கு ஒரு மேடு.

"இது என்னங்க?"

"அதுவா? அது அந்தப் பல்லோடயே முளைச்சது. ஸ்டீயரிங்கைப் பிடிச்சாப் போதும், என் நாக்கு தானா அங்க போய் உட்கார்ந்துக்கும்" என்றார் டிரைவர்.

தாடையக்காவின் காது சூடேறியது. முதல் மாதிரியில் அதே இடத்தில்தான் சுண்டினார். இரண்டாவது மாதிரியிலும் அதே இடத்தில்தான். 'இந்த டாக்டரம்மாவுக்குக் கலவை கலக்கவே தெரியல' என்று முணுமுணுத்தது வரை ஞாபகம் வந்தது. காற்றுக் குமிழ் ஒரே இடத்தில் இரண்டு தடவை வந்து உட்காருமா? விரலுக்குத் தெரிந்திருந்த விஷயம் தலைக்கு ஏறவில்லை. அவ்வளவு கர்வம்.

டாக்டரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. "ஓ, இதுதான் இடிக்குதா? ஒரு நிமிஷ வேலை. பல்லை லேசாத் தேய்ச்சு விட்டுடறேன்" என்று கருவியை எடுத்தார். தாடையக்கா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், காரியம் முடிந்திருக்கும். லேபில் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"வேணாம் டாக்டர். மொட்டுன்னு நெனைச்சு மாதிரியிலே இருந்து நான்தான் செதுக்கிட்டேன். ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. தப்பு என்னுது. அதுக்கு அவரு பல்லு ஏன் தேயணும்?"

டாக்டரம்மா கருவியைத் தட்டில் திரும்ப வைத்தார். முதலில் பேசியது டிரைவரின் மனைவிதான். "அப்போ சரியாயிடுமாக்கா?"

"ஆகும்" என்றார் தாடையக்கா.

புதிதாக எடுத்த அச்சைத் தானே மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பிளாஸ்டர் இறுகி மாதிரி வெளியே வந்தபோது, எள்ளளவு மேடு அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. கத்தியை மேசை டிராயருக்குள் போட்டுச் சாத்தினார். மூன்றாவது பிளேட்டின் உள்ளே அந்த மேட்டுக்கென்று ஒரு குட்டிக் குழி இருந்தது. அதற்குள் விரல் போகாது என்பதால் தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றித் தடவிப் பார்த்தார். நான்கு தடவை மெஷினுக்குப் போய் வந்த பிறகுதான் அதை டப்பாவில் வைத்து மூடினார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். முப்பத்தெட்டு நாலாகிவிட்டது, டிரைவர் வண்டியில் ஏறிவிட்டார். "ம், சரி டாக்டர்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார் தாடையக்கா. அப்புறம் மேசை மேசையாகப் போய் லேப் முழுக்கச் சொன்னார். சந்தோஷத்தில் ஒரு மேசைக்கு இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்காரர் அந்த வாரம் போன வீட்டிலெல்லாம் குழாயை மறந்துவிட்டு முப்பத்தெட்டையும் நாலையும் விளக்கிக்கொண்டிருந்தார்.

செதுக்கப்பட்ட அந்த இரண்டு மாதிரிகளும் இன்றைக்கும் அவர் மேசையில் இருக்கின்றன. மேடு இருந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். யாராவது என்ன என்று கேட்டால், "என் தப்பு. நல்லாப் பாத்துக்கோங்க" என்று எடுத்துக் கையில் கொடுப்பார். ஒளித்து வைப்பதில்லை. இப்போதெல்லாம் எதையும் சுண்டுவதற்கு முன் டாக்டர்களைப் போனில் பிடித்து, "மொட்டா, பல்லா?" என்று கேட்டுவிடுவார். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். அவர் கவலைப்படுவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம், தாடையக்காவும் வீட்டுக்காரரும் நின்றிருந்த நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றது. ஸ்டீயரிங்கில் அந்த டிரைவர்.

"ஏறுங்கக்கா" என்றவர், கேட்காமலே சொன்னார்: "நேத்தும் போட்டுக்கிட்டுதான் தூங்கினேன்."

"நான் கேக்கவே இல்லையே" என்றார் தாடையக்கா. முகமெல்லாம் சிரிப்பு.

வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் முன்னால் ஓடி, கண்ணாடி தெரிகிற சீட்டில் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, "வா, வா, உன் சீட்டு காலி" என்று கையாட்டினார். தாடையக்கா அந்தச் சீட்டைத் தாண்டி நடந்தார். கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, தலையைக் கம்பியில் சாய்த்தார். பஸ் கிளம்புவதற்கு முன்பே கண்களை மூடிக்கொண்டார்.