சுறாவின் தாய்

பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அப்பாவால் கடலுக்குப் போக முடியவில்லை. பகல் முழுவதும் கட்டிலில் கிடந்தார். தொலைக்காட்சி நாடகங்களில் பெண்கள் அழுவதைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பருத்தித்துறையில் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். எனக்காகப் பார்த்துவந்த ஆங்கில விண்வெளித் தொடர் ஒன்றை ஒருநாள் அவருக்கு முன்னால் ஓடவிட்டேன். அது அவருக்குப் பிடித்துவிட்டது. விண்கலத்தை 'வள்ளம்' என்றார். அதில் வரும் வேற்றுக்கிரகப் போர்வீரனுக்குச் சாம்பல் தோல், கழுத்தின் இருபக்கமும் செவுள் போல மடிப்புகள். அப்பா அவனுக்குச் 'சுறா' என்று பேர் வைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டபின் நான் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லுவேன். அம்மாவும் மெல்ல மெல்லக் கதவோரம் வந்து உட்காரத் தொடங்கினார்.

சுறா போரில் பிடிபட்டுப் பல வருடங்களுக்குப் பின் தப்பித் தன் வீட்டுக்கு வருகிறான். வராதவனுக்காக அவன் குலத்தில் ஒரு காலம்வரைதான் காத்திருப்பார்கள். பிறகு தாய் அவனுடைய கவசத்தை எரித்து, அவன் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடுவாள். அதற்குப் பிறகு அவன் உயிரோடு வந்தாலும் யாரோதான். தமையன் வாளோடு வாசலை மறித்து நிற்கிறான். உள்ளே தாய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்னவாம்?" என்று அம்மா கேட்டார்.

"அம்மா எண்டு கூப்பிடுறான்."

"அவள்?"

"என்ரை மகன் செத்துப்போனான் எண்டு சொல்லுறாள்."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வாய் கோணியிருந்ததால் சொற்கள் குழறித்தான் வந்தன. "அவள் செய்தது சரி. எத்தினை காலம் பாத்துக்கொண்டிருக்கிறது?"

"பெத்தவள் உப்பிடிச் செய்யமாட்டாள்."

"மிச்சப் பிள்ளையள் சீவிக்க வேண்டாமே?"

"சீவிக்கட்டும். ஆர் மறிச்சது?"

எங்கள் வீட்டில் மிச்சப் பிள்ளை நான் ஒருத்திதான். என் தம்பி யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமற்போனவன். கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போய் அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம் என்று ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் அப்பா கேட்பார். அம்மா சம்மதித்ததில்லை. அவன் படத்துக்கு மாலை போடவும் விட்டதில்லை. காணாமற்போனவர்களின் தாய்மார் தெருவோரக் கொட்டகையில் போராட்டம் இருந்தபோது அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தானும் போய் இருந்தார். எனக்குப் பேசி வந்த கலியாணங்கள் "தம்பி வரட்டும்" என்ற பேச்சிலேயே நின்றுபோயின. பிறகு அப்பாவும் கேட்பதை விட்டுவிட்டார். வருடக்கணக்காக இரண்டு பேரும் அவனைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இப்போது சுறாவைப் பற்றி ஒவ்வொரு நாளும் கதைத்தார்கள்.

"உவனிலையும் பிழைதானே," என்றார் அப்பா ஒருநாள். "உயிரோடை இருந்தவன் ஒரு செய்தி அனுப்பியிருக்கலாமெல்லோ?"

"அவனை விட்டால்தானே அனுப்ப!" என்று அம்மா கத்திவிட்டார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் தொடரை நிறுத்தினேன். அப்பா இயங்கும் இடக்கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார். அது அம்மாவுக்கு எட்டவில்லை.

"அழாதை," என்றார். "அவன்தான் வந்திட்டானே."

தொடர் முடியுமுன்னரே அப்பா போய்விட்டார். பெரியப்பாவின் மகன், அண்ணைதான் கொள்ளி வைத்தார். மிச்சத்தை நான் தனியே பார்த்து முடித்தேன். சில நாட்கள் கழித்து அம்மா கேட்டார்.

"அந்தத் தாய் பிறகு அவனோடை கதைச்சவளோ?"

"இல்லையம்மா."

"அப்ப அவன் எங்கை போனவன்?"

"வள்ளத்திலை ஏறித் திரும்பிப் போயிட்டான்."



முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனோம். அப்பாவுக்குரிய கிரியை முடியும் தறுவாயில் ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "வீட்டிலை வேறை ஆரும் மோசம் போனவை இருக்கினமோ? இருந்தால் அவைக்கும் சேர்த்து ஒரு பிண்டம் வைப்பம்."

அண்ணை அம்மாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓம் என்று சொல்லிவிடமாட்டாரா என்றிருந்தது எனக்கு. அது அம்மாவுக்கும் விளங்கியிருக்க வேண்டும். என் பக்கம் திரும்பவேயில்லை.

"ஒருத்தரும் இல்லை ஐயா. இவருக்கு மட்டும் செய்யுங்கோ."

திரும்பும்போது வாகனத்துக்குள் அண்ணை மெதுவாகச் சொன்னார். "சின்னம்மா, சித்தப்பா கடைசிவரைக்கும் ஆசைப்பட்டது இது ஒண்டுக்குத்தானே."

"ஓம் மோனை, தெரியும்," என்றார் அம்மா. "அந்த மனுசன் கேட்டதெல்லாம் செய்து குடுத்தனான். இது மட்டும் என்னாலை ஏலாது."