பவுடர் டப்பாவில் இரண்டு தாயத்து

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஆயா ஃப்ளோரா என்றால் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருஷமாகப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை முதன்முதலில் துடைத்து எடுத்தது அவள் கைதான். தங்காமல் போன பிள்ளைகளைத் துணியில் சுற்றித் தகப்பன் கையில் கொடுப்பதும் அவள்தான். அந்த வேலையை மற்ற ஆயாக்கள் அவள் தலையில் கட்டிவிட்டு நழுவிவிடுவார்கள். அவள் முணுமுணுத்ததில்லை. "மூஞ்சிய தொறந்து காட்டித்தான் குடுக்கணும். மூட்டையாட்டம் குடுக்கக் கூடாது" என்பாள்.

அவள் பெற்றதும் அதே வார்டில்தான். ஒரே நஞ்சுக்கொடியில் இரண்டு பையன்கள். முதலில் வந்தவன் மேத்யூ, பத்து நிமிஷம் கழித்து ஹென்றி. உதிர்ந்த தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். கிறிஸ்தவ வேதக்காரி என்றாலும் ஃப்ளோரா அதை விடவில்லை. மேத்யூவுக்குக் கறுப்புக் கயிறு, ஹென்றிக்குச் சிவப்பு. முதல் நற்கருணை வாங்கப் போன வருஷம், கோயில் ஃபாதர் பிள்ளைகளின் இடுப்பைப் பார்த்துவிட்டு ஒரு பிடி பிடித்தார். அவிழ்த்த தாயத்துகளைத் தூக்கிப் போட மனம் வராமல் பவுடர் டப்பாவில் போட்டு மூடி, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

தெருவே இரட்டையரைக் குழப்பிக்கொள்ளும். வாத்தியார் ஒருவனுக்கு விழ வேண்டிய அடியை இன்னொருவனுக்குக் கொடுப்பார். சாகும்வரை தகப்பனுக்கே சந்தேகம் தீரவில்லை. ஃப்ளோராவுக்கு மட்டும் செருப்புச் சத்தம் போதும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இருபதாவது வயதில், காசிமேட்டில் அலை தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறையில் வழுக்கி மேத்யூ கடலோடு போனான். இரண்டு நாள் கழித்துக் கிடைத்த உடம்பின் முகத்தை யாரும் அவளுக்குத் திறந்து காட்டவில்லை. ஊரார் பிள்ளைக்கெல்லாம் முகம் காட்டிக் கொடுத்தவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அதற்குப் பிறகு ஹென்றி சவரம் செய்யவில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் எண்ணும் டாலி கிளார்க் வேலை அவனுக்கு. கூட இருந்தவர்கள் சாமியார் என்று கிண்டல் செய்தார்கள். அவன் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாய் தவறி அவனை "மேத்யூ" என்று கூப்பிடுவாள். அவனும் "இன்னாம்மா" என்று வந்து நிற்பான். திருத்தினதே இல்லை.

இரண்டாயிரத்து இரண்டு, கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். வெளிதேசத்தில் யாரோ ஒரு கூட்டம், ஒரு பொம்பளையின் உடம்பிலிருந்து துளி எடுத்து அவளை மாதிரியே ஒரு குழந்தையை உண்டாக்கிவிட்டோம் என்று அறிவித்தது. டீவியில் அதுதான் பேச்சு. வார்டில் நர்சுகள் சிரித்தார்கள். ஃப்ளோரா சிரிக்கவில்லை. மயிரோ நகமோ சதையோ இருந்தால் போதும், செத்தவனையும் திரும்பக் கொண்டுவரலாம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பவுடர் டப்பாவைத் திறந்தாள். இரண்டு தாயத்தும் இருந்தன. கயிறுகள் மட்கிப் பொடிப்பொடியாகக் கிடந்தன, கறுப்பும் இல்லை சிவப்பும் இல்லை. எது யாருடையது? செருப்புச் சத்தத்தில் பிள்ளையைக் கண்டுபிடித்தவள் தரையில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"நைனா, இதுல உன்னுது எதுடா?" என்று ஹென்றியைக் கேட்டாள்.

"எனக்கு இன்னா தெரியும்? எதுக்கும்மா இப்ப?"

அவள் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மறுநாள் லீவு போட்டுவிட்டு, "வா, நானும் வர்றேன்" என்றான்.

ஆஸ்பத்திரி லேபில் சபீஹா டாக்டர் இருந்தார். சின்ன வயசு, ஆனால் ஆயாக்களை உட்காரச் சொல்லிப் பேசுகிறவர். ஃப்ளோரா தாயத்துகளை மேசைமேல் வைத்தாள்.

"மேடம், இதுல ஒண்ணு என் பெரியவனுது. எதுன்னு மட்டும் நீங்க பாத்து சொல்லிட்டீங்கன்னா, வூட்ட வித்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பிடறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஃப்ளோராம்மா, அவங்க சொல்றதுக்கே இன்னும் சாட்சி இல்ல. இது காஞ்சி போச்சு, உயிர் இல்ல. இருந்தாலும் எது யாருதுன்னு எந்த லேபும் சொல்லாது. ஒரே நஞ்சுக்கொடி இல்லையா? ரெண்டும் ஒண்ணுதான்."

"முன்னாடி ஒரு ஆட்டுக்குட்டிய இதே மாதிரி செஞ்சாங்களாமே?"

"செஞ்சாங்க. இருநூத்தி எழுபத்தேழு தடவை செஞ்சதுல ஒண்ணே ஒண்ணுதான் பொழைச்சுது."

ஃப்ளோரா தன் கைகளைப் பார்த்தாள். மீதி இருநூற்று எழுபத்தாறு. மனுஷப் பிள்ளைகளாக இருந்தால் அதில் எத்தனையைத் துணியில் சுற்ற வேண்டி வரும்? எந்தத் தகப்பன் கையில் கொடுப்பது? முகமாவது இருக்குமா?

அப்போதுதான் ஹென்றி வாயைத் திறந்தான்.

"மேடம், ரெண்டும் ஒண்ணுன்னா, என் ரத்தமே போதுமில்ல? எனக்குத்தான் உயிர் கீதே. எடுத்துக்கங்க."

சட்டைக் கையைச் சுருட்டி மேசைமேல் நீட்டினான். விளையாட்டுக்கில்லை. "ரெண்டு வருசமா இந்தம்மா என் மூஞ்சில அவனத்தான் தேடிக்கினு கீது. அவன் கெடைச்சிட்டா, அப்புறம் என்னையும் பாக்கும்."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "உங்க ரத்தத்துல செஞ்சாலும் பொறக்கறது உங்க அண்ணன் இல்ல தம்பி. உங்களுக்கு இன்னொரு ரெட்டை, இருபது வருஷம் லேட்டா. அது தன் இஷ்டத்துக்கு வேற ஆளா வளரும், உங்க ரெண்டு பேராட்டம்."

ஃப்ளோராவுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே நேரத்தில் ஒரே பால் கொடுத்து வளர்த்தவள் அவள். ஒருவன் கடலைக் கண்டால் குதிப்பான், இன்னொருவன் கரையில் நின்று அவன் செருப்பைப் பார்த்துக்கொள்வான். இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். தெரிந்தே இரண்டு வருஷமாக ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொலைத்திருக்கிறாள். பாவி, பாவி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டாள். தாயத்துகளை எடுத்து முந்தானையில் முடிந்தாள். பிள்ளையின் சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் சலூன் முன்னால் நின்றாள்.

"தாடிய எடுத்துட்டு வா."

"வேணாம்மா. எடுத்தா நீ அழுவ."

"அழுவறேன். அது என் பாடு. நீ எடு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே கத்தரி கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு கத்தி. அரைமணி கழித்து அவன் வழித்த முகத்தோடு வெளியே வந்து, கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதே தாடை, அதே உதடு. அழுதாள். சலூன்காரர் கையில் துண்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு எழுந்து, அவன் மோவாயில் ஒட்டியிருந்த சோப்பு நுரையை முந்தானையால் துடைத்தாள்.

"ஹென்றி" என்றாள்.

அவன் வழக்கம்போல "இன்னாம்மா" என்று சொல்ல வாயெடுத்தான். அதை விட்டுவிட்டு, "நான்தாம்மா" என்றான்.