அமிர்தநாயகத்தின் முழங்கைக் கட்டிகள்

பேசாலையில் படகு எஞ்சின் திருத்தும் அமிர்தநாயகம் இரண்டு வருடமாக மீன் தின்னவில்லை. இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கி, முழங்கைகளில் புளியங்கொட்டை அளவில் கட்டிகள் எழும்பியிருந்தன. எங்கோ எடுத்த இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சற்று அதிகமாக இருந்தது. "அப்ப இது கவுட்தான்" என்றார்கள் எல்லோரும், அந்த அமிலம் மூட்டில் படிந்து வரும் நோய் என்று அவரும் நம்பினார். அமிலத்தைக் கூட்டும் என்று மீன், நண்டு, கணவாய் எல்லாவற்றையும் விட்டார். அவருக்கு முன்னால் தின்ன மனமில்லாமல் மனைவி நிறஞ்சலாவும் மீன் சமைப்பதை நிறுத்தினாள். பருப்பும் கத்தரிக்காயுமாக நாள் போனது. நோவு மட்டும் போகவில்லை.

ஒருநாள் பிடி நழுவி எஞ்சின் மூடியைக் காலில் போட்டுக்கொண்டார்.

"இனிப் பொறுக்க ஏலாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றாள் நிறஞ்சலா.

மன்னார் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர் டொக்டர் ஹிதாயா, இளம் பெண். கட்டிகளை அமர்த்திப் பார்த்தார். இறுக்கமாக இருந்தன, நோகவில்லை.

"காலமை எழும்பினா விரல் மடங்க எவ்வளவு நேரம் செல்லும், ஐயா?"

"பூசை முடியிற மட்டும் செபமாலை உருட்ட ஏலாது."

"ஒரு மணித்தியாலம்?"

"ஓம், கூடவும் வரும்."

"கால் பெருவிரல் திடீரெண்டு வீங்கி, போர்வை பட்டாலும் நொந்ததோ?"

"அப்பிடி ஒருநாளும் இல்லை."

டொக்டர் ஒரு கட்டிக்குள் ஊசி விட்டு இழுத்தார். கவுட் என்றால் சுண்ணாம்பு போல வெள்ளையாக வரும் என்றார். ஒன்றும் வரவில்லை. இரத்தமும் கை எக்ஸ்ரேயும் எடுத்து, அடுத்த கிழமை வரச் சொன்னார்.

அவர்கள் திரும்பி வந்தபோது முடிவுகளைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "இது கவுட் இல்லை, ஐயா. மூட்டுவாதம். நோயை எதிர்க்கிற சக்தி பிழைச்சு, சொந்த மூட்டையே தாக்குது. கட்டியும் அதாலதான். நீங்கள் முழங்கையை ஊண்டி வேலை செய்யிறதால அங்க கூடுதலா வருது."

"அப்ப மீன்?"

"வடிவாச் சாப்பிடுங்கோ."

நிறஞ்சலா சிரிக்கத் தொடங்கிக் கண்ணைத் துடைத்தாள். "ரெண்டு வருசம், டொக்டர்!"

கிழமைக்கு ஒருநாள் குளிசை விழுங்கினார். சில மாதங்களில் விரல்களின் இறுக்கம் தளர்ந்தது. கட்டிகள் கரையவில்லை, வலது முழங்கையில் புதிதாக ஒன்று வந்தது. வெட்டிவிடச் சொல்லிக் கேட்டார். வெட்டினாலும் திரும்ப வரலாம், தோல் உடையாத மட்டும் விடுவோம் என்றார் டொக்டர். அடுத்த நாள் அமிர்தநாயகம் வேலை மேசையின் விளிம்பில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கட்டினார். மெத்தென்ற அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒரு காபரேட்டரைக் கழற்றத் தொடங்கினார்.