இடது பக்கம் மட்டும் மங்கலாகக் கேட்டது

என் இடது காது போய்க்கொண்டிருந்த ஆறு வாரமும் நான் வீட்டில் இணையப் பெட்டிகளை மாற்றிக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போதெல்லாம் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு ஆளைச் சொல்வேன். அப்புறம் என்னையும் சொல்லவேண்டி வரும்.

நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் சூப்பர்வைசர். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை நாலு மாடி, எட்டு மாடிக் குடியிருப்புகளில் எங்கே லிஃப்ட் நின்றாலும் எனக்குத்தான் போன் வரும். குரோம்பேட்டையில் சொந்த ஃபிளாட். எனக்கென்று இருந்த ஒரே செலவு பாட்டு. ஹாலில் இரண்டு பெரிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், இணையத்திலிருந்து பாட்டை எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரீமர். ஞாயிறு காலையில் அவற்றின் எதிரே உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன்.

இந்தப் பைத்தியத்தில் எனக்கு ஒரு கூட்டாளி. அஸ்தினாபுரத்துக்காரர், இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். பத்து வருஷப் பழக்கம். இருந்தும் சார் போட்டுத்தான் பேசிக்கொள்வோம். எங்கள் பகுதியில் பாட்டுக் கேட்பவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தினார். குழுவில் அவர் சொன்னால் சொன்னதுதான். ரௌட்டரை மாற்றினால் குரல் முன்னால் வரும், லேன் ஒயரை மாற்றினால் மிருதங்கத்தின் தோல் தெரியும் என்பார். ஒயரை மாற்றிப் போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். நாங்கள் தலையாட்டுவோம்.

ஒரு ஞாயிறு காலை எழுந்தபோது இடது காது சளி பிடித்த மாதிரி அடைத்திருந்தது. ஆவி பிடித்தேன். அன்று பாட்டுப் போட்டபோது இடது ஸ்பீக்கர் மங்கலாகக் கேட்டது. கஞ்சிராவின் சலங்கைச் சத்தம் அந்தப் பக்கம் வரும்போது துணியால் மூடினாற்போல் இருந்தது. கூடவே ஒரு மெல்லிய இரைச்சல். பாட்டை நிறுத்திய பிறகும் அது கேட்டது. ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைக் கூப்பிட்டேன். வந்தார். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் கேட்டார்.

"ஆமா சார். லெஃப்ட் நல்லாவே அடி வாங்குது. ஸ்பீக்கர்ல ஒண்ணும் இல்ல. உங்க நெட்வொர்க்தான்."

ரௌட்டரிலிருந்து நேரே ஸ்ட்ரீமருக்கு ஒயர் போகக்கூடாதாம். நடுவே பாட்டுக்கென்றே செய்த ஸ்விட்ச் வேண்டுமாம். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. இணைய ஒயர்களைச் சேர்த்துவிடும் பெட்டி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்டியைவிடப் பல மடங்கு விலையில், அவருக்குத் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வரவழைத்தேன். மாட்டிய அன்று தேவலாம் போலிருந்தது. மறுநாள் பழையபடி. அடுத்து ஒயரை மாற்றச் சொன்னார். அதற்கடுத்து ஸ்விட்சுக்கு மின்சாரம் தரும் அடாப்டரை.

இடையில் இணைய இணைப்புக் கம்பெனியிலிருந்து ஒருவர் லைனைச் சோதிக்க வந்தார். இடது வலது இரண்டும் ஒரே ஒயரில் கலந்துதான் சார் வரும், நெட் சரியில்லாவிட்டால் பாட்டு நின்று நின்று வரும், ஒரு பக்கத்தை மட்டும் எப்படிக் கெடுக்கும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் நண்பர் சிரித்துவிட்டார். வந்தவர் கீழே இறங்கிப் போனதும், "அவங்களுக்கெல்லாம் கேக்கத் தெரியாது சார்" என்றார். நானும் சிரித்தேன்.

லிஃப்ட் ஒரு மாடியில் நிற்கவில்லை என்றால் அந்த மாடிப் பட்டனின் ஒயரைக் கழற்றி அடுத்ததில் போட்டுப் பார்ப்பேன். பழுது கூடவே வருகிறதா, இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும். என்னிடம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அப்படிப்பட்ட நான், ஸ்பீக்கர் ஒயரை இடம் மாற்றிப் பார்க்கலாமா என்று நண்பரைக் கேட்டேன். செட் ஆனதைக் கலைக்காதீங்க என்றார். விட்டுவிட்டேன். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதிலேயே விழுவதில்லையா என்று என் மனைவி இரண்டு மூன்று முறை கேட்டாள். எரிந்து விழுந்தேன்.

ஆறாவது வாரம் பம்மலில் ஒரு லிஃப்ட் வேலை. டூவீலரை ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் பேசினேன். எதிரே பேசியவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. போனும் போச்சு என்று பக்கத்து மொபைல் கடையில் நுழைந்தேன். கவுண்டரில் முப்பது வயதுப் பெண். போனை வாங்கி, துடைத்து, தன் தங்கச்சிக்குப் போன் போட்டுப் பேசினாள்.

"நல்லாத்தான சார் கீது."

இல்லை, சத்தமே வரவில்லை என்று வாங்கிக் காதில் வைத்துக் காட்டினேன். அவள் என்னையே பார்த்தாள்.

"சார், அந்தக் காதுல வெச்சுப் பாருங்க."

வலது காதுக்கு மாற்றினேன். அவள் தங்கை அலோ அலோ என்று கத்திக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெளிவாக இருந்தது.

அந்தக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கொடுத்தாள். டாக்டரிடம் காட்டுங்கள் சார், எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது என்றாள். இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆனது ஒரு நிமிஷம்.

மறுநாள் குரோம்பேட்டையில் காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடிக் கூண்டில் உட்கார வைத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா சோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"முதல் வாரத்துலயே ஏன் வரல?"

நான் என்ன சொல்வது? ஸ்விட்ச் வரக் காத்திருந்தேன் என்றா? இது உட்காதின் நரம்பில் திடீரென்று வருவது, உடனே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், எல்லோருக்கும் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்தது என்றார். இப்போதும் கொடுத்துப் பார்ப்போம் என்றார். கொடுத்தார். பெரிதாக ஒன்றும் திரும்பவில்லை.

டாக்டரைப் பார்த்த அன்றே நேராக அஸ்தினாபுரம் போனேன். நண்பர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டார். போகவில்லை. டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"பழுது என் காதுல இருந்திருக்கு. என் பக்கத்துல உக்காந்தீங்களே, உங்க காதுல என்ன கேட்டுச்சு?"

நெட்வொர்க்கிலும் குறை இருந்திருக்கும் என்று ஆரம்பித்தார். மறுபடி அதையே கேட்டேன். ஹோஸிலிருந்து தண்ணீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க சார். எனக்கு வித்தியாசமே கேக்கலன்னு எப்படிச் சொல்றது? எனக்குக் காது சரியில்லன்னு நினைச்சுட மாட்டீங்களா?"

அடித்திருப்பேன். அடிக்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. இதே வீட்டு ஹாலில் எத்தனை முறை அவர் ஒயரை மாற்றிவிட்டு எப்படி சார் என்று கேட்டிருப்பார், எத்தனை முறை எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாமலே பிரமாதம், சத்தம் நல்லாத் திறந்துவிட்டது சார் என்று சொல்லியிருப்பேன். அவரை வளர்த்துவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் என் பொய்யால் அவர் வீட்டில் ஒரு ஸ்விட்ச் கூடியது, அவ்வளவுதான். அவர் பொய்யில் எனக்குக் காது போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். ஒரு பக்கம் மங்கினால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள், அப்போதும் அதே காதில் மங்கினால் பழுது உங்களிடம்தான், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்று. இரண்டு மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் அந்த ஸ்விட்சை விற்கிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டார். குழுவிலிருந்து விலகினேன்.

இரண்டு வாரம் கழித்து நண்பர் ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வீட்டுக்கு வந்தார். என்ன இருந்தாலும் பழகியவர் என்று மனைவி காபி போட உள்ளே போனாள். அவர் சோபாவில், இந்த முறை என் வலது பக்கமாக, உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு காதுதான்னு ஆனப்புறம் வர்ற சிக்னல் இன்னும் சுத்தமா இருக்கணும் சார். இப்ப புதுசா ஒரு ஸ்விட்ச் வந்திருக்கு."

எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனார். காபித் தம்ளரோடு வந்து நின்ற என் மனைவி அவரைத் தடுக்கவில்லை. பழப்பையை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.