அண்ணனுக்குச் சொல்லித் தந்த மூச்சு

தொண்ணூறுகளின் கடைசியில் ஜீவனஹள்ளியில் இருந்தோம். நான் ஒரு மருத்துவமனையின் நுரையீரல் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன். அண்ணன் முக்குளிப்பவன். ஏரியிலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கியவர்களைத் தேடி எடுப்பான். சிலிண்டர் கிடையாது; மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, அவன் முகத்தை முக்கச் சொல்லி நாடி பார்ப்பேன். நோட்டில் எழுதியவை:

ஒன்று, முகம் நனைந்ததுமே நாடி இறங்குகிறது. என்னைவிட அவனுக்கு வெகுவாக.

இரண்டு, விரல்கள் வெளுக்கின்றன. ரத்தம் கைகால்களை விட்டு இதயத்துக்கும் மூளைக்கும் ஒதுங்குகிறது.

மூன்று, மண்ணீரல் சுருங்கி, சேர்த்துவைத்த சிவப்பணுக்களை வெளியே தள்ளும். இது படித்தது, என்னால் அளக்க முடியாது.

நான்கு, மூச்சை வெகுநேரம் அடக்கினால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் உதறுகிறது.

"இன்னா டாக்டரம்மா, உயிர் கீதா?" என்பான் தலையைத் தூக்கி.

நான்காவதுதான் அவனுக்குத் தொல்லை. "அடியில தடவும்போது வயிறு எகிறுது. கைக்கு எட்றதுக்குள்ள மேல வந்துட்றேன்."

"எறங்கறதுக்கு முன்னாடி வேகவேகமா மூச்சு இழுத்து வுடுண்ணா. உதறல் லேட்டாதான் வரும்."

வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு குறையும். உதறலை எழுப்புவது அதுதான். ஆக்சிஜன் மட்டும் அதனால் அவ்வளவாக அதிகரிக்காது. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு முன்னைவிட ஒரு நிமிடம் கூடுதலாகத் தாங்கினான். நான் கைதட்டினேன்.

சந்தாபுரா பக்கம் ஒரு குவாரியில், குளிக்க இறங்கிக் காணாமல் போனவரைத் தேடி அண்ணன் மூன்றாம் முறை முங்கினான். மேலே வரவில்லை. கூடப் போனவர்தான் இறங்கித் தூக்கி வந்தார். உயிர் இல்லை.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். "அடிச்சிக்கவே இல்லம்மா. தண்ணி கலங்கக்கூட இல்ல. தூங்கறவன் மாதிரி இருந்தான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உதறல் வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நினைவு போயிருக்கிறது. மேலே வா என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையைத் தள்ளிப்போட நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

அம்மா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எம்புள்ள அவஸ்தப்படல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ படிச்சவ, சொல்லு. வலிச்சிருக்காதுல்ல?"

"வலிச்சிருக்காதும்மா."

அது உண்மை. இத்தனை வருடமாகக் கேட்கிறாள், அதையே சொல்கிறேன். ஏன் வலிக்கவில்லை என்று மட்டும் அவள் கேட்டதில்லை.