மெதுவாகப் போன கார்

காரில் ஏறியதும் டிரைவரிடம் 'மெதுவாப் போங்க' என்று சொல்கிறவரா நீங்கள்? போன வாரம் வரை நானும் உங்கள் கட்சிதான்.

அக்கா மகள் சுமதிக்கு ஏழாம் மாதம். கோவையில் புகுந்த வீட்டில் வளைகாப்பு முடிந்தது. கோபிசெட்டிபாளையத்தில் அக்கா வீட்டுக்கு அவளை அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கும் என் மனைவிக்கும். வாடகைக்கு ஓர் அம்பாசடர் பிடித்தோம். டிரைவர் சின்னச்சாமி. முப்பது வயதிருக்கும், பரம சாது.

"புள்ளத்தாச்சி வாராங்க தம்பி, மெதுவாப் போங்க" என்றாள் மனைவி. சின்னச்சாமி தலையை நன்றாக ஆட்டிவிட்டு அவிநாசி வரை பறந்தார். அவளும் நாலு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அவிநாசியில் டீக்கு நிறுத்தினோம். நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், ஒரு மணிக்கு வந்துவிடுவோம் என்று அக்காவுக்குச் சொன்னேன். சின்னச்சாமி டீ வேண்டாமென்று கடைக்குப் பின்னால் போனார். வந்தபோது கண் சிவந்திருந்தது. முகத்தில் அணையாத புன்னகை. கூடவே ஒரு வாசம்...

யாரோ தழை எரிக்கிறார்கள் என்றாள் மனைவி. எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் பக்கத்து அறையிலிருந்து மூன்று வருஷம் வந்த வாசம். கஞ்சா!

கேட்டிருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். காலை மிதித்தவரிடம் நாங்களே மன்னிப்புக் கேட்கிற ரகம். முன்பின் தெரியாத மனிதரிடம் 'கஞ்சா அடிச்சிருக்கீங்களா' என்று எப்படிக் கேட்பது? சங்கடமாக இருந்தது.

அதோடு, கார் இப்போது இருபதில் போனது. சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். "இப்பத்தானுங்க தம்பி பொறுப்பா ஓட்டறாரு" என்று மனைவி சர்ட்டிபிகேட் கொடுத்தாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். கேட்டது கிடைத்துவிட்டதே!

நம்பியூர் தாண்டி முன்னால் ஒரு மாட்டுவண்டி. வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கழிகள் பின்பக்கம் ஆறடிக்கு நீட்டிக்கொண்டிருந்தன. நேரான ரோடு, ஒதுங்கத் தாராளமாக இடம். மாட்டுவண்டி நெருங்கிக்கொண்டே இருக்கிறது... சின்னச்சாமி அதை ரசித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

"தம்பி, பிரேக்கப் போடுங்க!" என்று மனைவி அலறினாள்.

அவர் நிதானமாகத் தலையைத் திருப்பி, "ஆகட்டுங்க அக்கா" என்றார். அதற்கப்புறம்தான் பிரேக்கை மிதித்தார்! பதில் சொல்லாமல் பிரேக் போட்டால் மரியாதைக் குறைவு அல்லவா?

கார் நின்றபோது கழிகள் பானெட்டைத் தாண்டி, கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தன. சுமதி இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். மாட்டுவண்டிக்காரர் எதுவும் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்.

சாவியை வாங்கி நானே ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்த சின்னச்சாமி, "மெதுவாப் போங்கண்ணா, புள்ளத்தாச்சி இருக்காங்கல்ல" என்றார். கிண்டல் இல்லை. நிஜமான அக்கறை!

வேகத்துக்குப் பயப்படத் தெரிந்த அளவு நமக்கு வேறெதற்கும் பயப்படத் தெரியவில்லை. கஞ்சா அடித்தவர் மெதுவாக ஓட்டலாம்... அவர் மூளையும் மெதுவாகத்தானே ஓடுகிறது? குறுக்கே வரும் கன்றுக்குட்டி, அவர் 'ஆகட்டுங்க' சொல்லும்வரை காத்திருக்குமா?

வாசலில் அக்கா கேட்ட முதல் கேள்வி, மெதுவாகத்தானே வந்தீர்கள் என்பதுதான். ரொம்ப மெதுவாக என்றேன். சுமதி மட்டும் இறங்காமல் என்னையே பார்த்தாள்.

"மாமா... அந்த வாசம் என்னன்னு உங்களுக்கு அவிநாசியிலயே தெரியுமுங்களா?"

தெரியும் என்று ஒப்புக்கொண்டேன்.

இனிமேல் எந்த டிரைவரிடமும் கேட்டுவிடுவதாக இருக்கிறேன். மரியாதையாகத்தான்... ஆனால், வண்டி கிளம்புவதற்கு முன்னால்!