ஒரு வீட்டுக்கு ஒரு பிளக்

போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணியிருக்கும். மரக்கறி வாங்கிக்கொண்டு வந்து எங்கள் தொடர்மாடியின் முதல் படியில் கால் வைக்கிறேன் — குப்பென்று மீன் வாசம்!

திருகோணமலையில் மீன் வாசம் ஒரு புதினமா என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. எங்கள் தொடர்மாடியில் இருப்பதே எட்டு வீடு. அதில் ஐந்து வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். முதலாம் மாடி ஞானசேகரம் அண்ணை, எங்கள் கொமிற்றித் தலைவர், வெள்ளிக்கிழமைகளில் முட்டை சேர்த்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டார்.

முதலில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஏனென்றால் அன்று காலை எங்கள் வீட்டிலும் மீன்தான். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, வருகிறேன். ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுத்தான் சமைத்தேன். இருந்தும் மூன்றாம் மாடி வாசம் கீழே வரைக்கும் இறங்கிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

முதலாம் மாடியில் பொரியல் வாசம். நான் பொரிக்கவில்லையே? இரண்டாம் மாடியில் புளி தூக்கலாய் ஒரு குழம்பு. நான் புளி விடவில்லையே? மூன்றாம் மாடிக்கு வந்தால், என் எதிர்வீட்டில் யாரோ மீனுக்கு வெங்காயம் தாளிக்கிறார்கள்.

ஒரு கட்டிடம் முழுக்க வெள்ளிக்கிழமையில் மீன் சமைக்கிறது. எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

விளங்க வேண்டுமென்றால் எங்கள் விதி எண் ஒன்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

இந்தத் தொடர்மாடிக்கு நான்தான் செயலாளர். கெட்டித்தனத்தால் கிடைத்த பதவி அல்ல. தெரிவு நடந்த கூட்டத்துக்கு நான் போகவில்லை, அவ்வளவுதான். பதவி கிடைத்த கையோடு நான் எழுதிய முதல் விதி அது. கரண்ட் போனால் ஓடுவதற்கு ஒரு சின்ன ஜெனரேற்றர் வாங்கியிருந்தோம். லிப்ற்றுக்கு, தண்ணீர்ப் பம்புக்கு, படிக்கட்டு லைற்றுக்கு. மிச்சம் இருக்கும் கரண்டில், வீட்டுக்கு ஒரு சிவப்புப் பிளக் வைத்துக் கொடுத்தோம். ‘மின்தடையின்போது ஒரு வீட்டுக்கு ஒரு பிளக்.’ எவ்வளவு தெளிவான வசனம்! எழுதி, லமினேற் செய்து, லிப்ற் வாசலில் ஒட்டிவிட்டு நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது.

போன மாதம் அந்த ஜெனரேற்றர் இரண்டு தடவை இடையில் நின்றது.

முதல் தடவை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இரண்டாம் தடவை பிற்பகல் மூன்று மணி. நான் உடுப்பு மடித்துக்கொண்டு இருக்கிறேன். படியில் யாரோ தடதடவென்று ஓடிவரும் சத்தம். கதவைத் திறந்தால் நான்காம் மாடி ரெஜினா அக்கா, வெறுங்காலோடு.

“தங்கச்சி, மெஷின் கத்துது! ஜெனரேற்றர் நிண்டிட்டுது. சிலிண்டரை மாட்டிப்போட்டு வந்தனான். கெதியா ஆரையும் கூப்பிடுங்கோ!”

அவருடைய கணவர் பீற்றர் அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது நுரையீரல் ஏலாது. காற்றில் இருந்து ஒக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று அவர் கட்டிலடியில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ரெஜினா அக்காவின் சிவப்புப் பிளக் அதற்குத்தான். அவசரத்துக்கு இருப்பது ஒரே ஒரு சிலிண்டர். அது இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது.

அன்று அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்துவிட்டது. வந்திருக்காவிட்டால்?

“ஆரோ ரெண்டு பிளக் குத்தியிருக்கினம்,” என்றார் ஞானசேகரம் அண்ணை. “மல்ரி பிளக்! பிடிக்கோணும்.”

பிடிக்கப் புறப்பட்டோம். அவர் முன்னால், கொப்பியோடு நான் பின்னால். வீடு வீடாகப் போய் சிவப்புப் பிளக்கைப் பார்த்தோம். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அலுமாரிக்குப் பின்னால்கூட ரோர்ச் அடித்துப் பார்த்தார் அண்ணை. கடைசியில் என்ன கண்டுபிடித்தோம் தெரியுமா?

ஏழு வீட்டில் ஏழு பிரிட்ஜ். எட்டாவது வீட்டில் மெஷின். ஒரு வீட்டுக்கு ஒரு பிளக்தான்! விதியை ஒருவருமே மீறவில்லை.

ஒரு குற்றவாளி இருந்திருந்தால் எவ்வளவு லேசு! ஒரு கடிதம் எழுதியிருப்பேன், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு திரிந்திருப்போம், முடிந்திருக்கும். எல்லாரும் ஒழுங்காக நடந்ததால் ஒரு மனிதனுக்கு மூச்சு முட்டினால் யாருக்குக் கடிதம் எழுதுவது? அந்த வசனத்தை எழுதிய எனக்கா?

ஜெனரேற்றர் திருத்தும் ரிஸ்வானைக் கூப்பிட்டோம். பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“இதில பிழை ஒண்டும் இல்ல மேடம். லிப்ற்றும் ஓடி, பம்பும் ஓடி, ஏழு பிரிட்ஜும் ஒரே நேரத்தில ஓட வெளிக்கிட்டா இந்தச் சின்னச் சாமான் என்ன செய்யும்? பெரிசு ஒண்டு போடோணும். கொழும்பில இருந்து வர ஒரு மாசம் செல்லும்.”

“அதுவரைக்கும்?”

“ரெண்டு வீடு பிரிட்ஜின்ர பிளக்கைக் கழட்டினாப் போதும். நிக்காது.”

இரண்டே இரண்டு வீடு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கீழே வாகனம் விடும் இடத்தில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தோம். பத்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஞாயிறுகளில் இறக்கக்கண்டியில் இருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருவார். அன்று காலைதான் ஒரு பெரிய பாரை வாங்கிக் கூறு போட்டிருந்தோம். ஏழு கூறு. ரெஜினா அக்கா எடுப்பதில்லை. கரண்ட் போனால் அவருடைய பிரிட்ஜ் நின்றுவிடும், ‘எனக்கு மீன் வைச்சுத் திங்கேலாது’ என்று எப்போதோ விட்டுவிட்டார். ஆக, கூட்டத்தில் இருந்த மற்ற ஏழு வீட்டுப் பிரிட்ஜிலும் அந்தப் பாரை இருந்தது.

“அக்கா, என்ர பிரிட்ஜ் நிண்டா என்ர வியாபாரமே நிண்டிடும்,” என்றாள் தர்ஷினி. என் எதிர்வீட்டுப் பிள்ளை, ஓடருக்குக் கேக் செய்பவள். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிறந்தநாள் கேக் இருந்தது அவளுக்கு. நியாயம்தானே?

ஞானசேகரம் அண்ணை குளிரில் வைக்க வேண்டிய தன்னுடைய ஊசி மருந்தைச் சொன்னார். அதுவும் நியாயம். இன்னொருவர் குழந்தையின் பாலைச் சொன்னார். முறை வைத்துக் கழட்டுவோம் என்றார் ஒருவர். சரி, யார் முதலில்? முதலாம் மாடியில் இருந்தா, நான்காம் மாடியில் இருந்தா? முறை வந்த அன்று கரண்ட் போகாவிட்டால் அது முறையில் சேருமா, சேராதா? அரை மணித்தியாலம் போனது இதிலே. நானும் கொப்பியில் எழுதி எழுதி வெட்டினேன்.

ரெஜினா அக்கா கடைசிக் கதிரையில் இருந்தார். ஒவ்வொருவர் சொல்வதற்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, “அவர் தனிய இருக்கிறார், நான் வாறன்,” என்று போய்விட்டார்.

நானாவது வாயைத் திறந்திருக்கலாம். என் பிரிட்ஜில் ஊசி மருந்து இல்லை, கேக் இல்லை, குழந்தைப் பாலும் இல்லை. பாரை மட்டும்தான். ‘நான் கழட்டுறன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் சொல்லவில்லை. சொன்னால் எப்போதும் நான்தான் கழட்ட வேண்டிவரும் என்ற பயமோ, செயலாளர் சொன்னால் மற்றவர்களை நெருக்குவது போல ஆகிவிடும் என்ற சாக்கோ... இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது. எனக்கு என்னைப் பிடிக்கவில்லை அன்று.

வியாழக்கிழமை விடியப்புறம் பலத்த காற்று. நிலாவெளிப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்ததாம். கரண்ட் போய்விட்டது. ஜெனரேற்றர் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. குசினிக்கு ஓடினேன், பிரிட்ஜைக் கழட்ட.

அங்கே என் வீட்டுக்காரர் நிற்கிறார். கையில் பிரிட்ஜின் பிளக்.

“பிளக் லூசா இருந்தது... துடைக்கிறன்,” என்றார்.

கலியாணம் முடித்த நாளில் இருந்து இந்த மனிதர் ஒரு பொருளைத் துடைத்து நான் கண்டதில்லை.

“துடைச்சுப்போட்டு அப்பிடியே விடுங்கோ. காயட்டும்,” என்றேன்.

இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

அன்று முழுக்க ஜெனரேற்றர் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இரவிலும் ஓடியது. நான் இரண்டு தடவை நான்காம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். “மெஷின் மூச்சு விடாம ஓடுது தங்கச்சி,” என்று ரெஜினா அக்கா சிரித்தார். பீற்றர் அண்ணை கட்டிலில் இருந்து கையை உயர்த்திக் காட்டினார். நான் மிதந்துகொண்டு இறங்கினேன். எங்கள் ஒரு பிரிட்ஜால் அல்லவா? இன்னும் ஒரு வீடு கழட்டியிருக்க வேண்டும். யாராக இருக்கும் அந்த நல்ல மனம்? குழந்தைப் பால் வீடா? தெரியவில்லை. யாரோ ஒருவர். அவரும் நானும்!

வெள்ளி காலை கரண்ட் வந்தது. பாரை இளகிப்போயிருந்தது. எறிய மனம் வருமா? வெள்ளிக்கிழமை என்றும் பார்க்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்து, ஒரு கோப்பையில் போட்டு ரெஜினா அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்கு மரக்கறி வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வரும்போதுதான் அந்த வாசம்.

வீட்டுக்குள் வந்து பையை வைக்கவில்லை, ரிஸ்வான் போன் எடுத்தார். ஜெனரேற்றரைப் பார்க்க வந்திருக்கிறாராம்.

“மேடம், ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கு, டீசல் கொஞ்சம்தான் முடிஞ்சிருக்கு. ஏன், வீடுகளில ஆக்கள் இல்லையா? எல்லாரும் ஊருக்குப் போனவையா?”

“இல்லையே. எல்லாரும் இஞ்சதான்.”

“அப்ப எனக்கு விளங்கேல்ல,” என்றார் அவர். எனக்கு மட்டும் விளங்கியதா?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. தர்ஷினி. கையில் ஒரு தட்டில் கேக். மேலே இருந்த கிறீம் ஒரு பக்கமாகச் சரிந்து, ‘பிறந்தநாள்’ என்பதில் பாதி வழிந்து போயிருந்தது.

“ஓடர் குடுத்தவை வேண்டாம் எண்டிட்டினம் அக்கா. சாப்பிடுங்கோ,” என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. எதிரே அவள் வீட்டுச் சட்டியில் மீன் கொதிக்கிறது.

நேரே கீழே இறங்கி ஞானசேகரம் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் திருநீற்றோடு வாசலில் நின்றார், மூக்கைச் சுளித்துக்கொண்டு.

“அண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே?”

“ஓம்.”

“மீன் வாசம் வருது...”

“எங்களுக்கில்லைப் பிள்ளை. நாங்கள் சைவம்தான்,” என்று அவசரமாகச் சொன்னார். “ஆரும் சாப்பிடுற ஆக்களுக்குக் குடுக்கலாம் எண்டு...”

“உங்கட ஊசி மருந்து?”

“அதுக்கென்ன? ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில வைச்சனான்.” சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டார்.

மேலே வந்து மரக்கறி சமைத்து முடிக்கும் நேரம் ரெஜினா அக்காவின் போன்.

“தங்கச்சி, இண்டைக்கு என்ன விசேஷம்? உங்கட கோப்பையோட சேத்து ஏழு வீட்டிலயும் இருந்து மீன் வந்திருக்கு! எல்லாம் பாரை. ஞானசேகரம் அண்ணை வீட்டில இருந்தும், அதுவும் வெள்ளிக்கிழமையில... எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. என்ர பிரிட்ஜில வைக்க இடமும் இல்லை. இவர் சிரிச்சுச் சிரிச்சு இருமுறார்.”

“எனக்கும் தெரியாது அக்கா,” என்றேன். போனை வைத்துவிட்டேன். பிறகு குசினியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

இரண்டு வீடு போதும் என்றார் மெக்கானிக். கூட்டத்தில் ஒரு வீடுகூடக் கிடைக்கவில்லை. கரண்ட் போனதும் ஏழு வீடும் கழட்டியிருக்கிறது, ஒருவருக்கு ஒருவர் சொல்லாமல்! வாயைத் திறந்து பேசியிருந்தால் ஐந்து வீட்டு மீன் தப்பியிருக்கும், ஒரு கேக்கும் தப்பியிருக்கும். கொடுக்க மனம் இருக்கிறவர்களுக்குக் ‘கொடுக்கிறேன்’ என்று சொல்ல ஏன் நா எழும்புவதில்லை? எனக்கே எழும்பவில்லையே, நான் யாரைக் கேட்பது?

செயலாளர் என்ற முறையில் விதி ஒன்பதைத் திருத்தலாம் என்று அன்று பின்னேரம் பேனையோடு இருந்தேன். என்ன எழுதுவது? ‘இரண்டு வீடு கழட்டவும்’ என்று எழுதினால், மறுபடியும் யார் முதலில் என்று கதிரை போட வேண்டும். ‘விரும்பினவர்கள் கழட்டலாம்’ என்றால், அதற்கு ஒரு விதி எதற்கு? ஒரு வரியும் ஓடவில்லை. பழைய தாள் அப்படியே லிப்ற் வாசலில் இருக்கிறது.

வீட்டுக்காரர் சரிந்த கேக்கைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“இனிக் கரண்ட் போனா நீர் என்ன செய்யப்போறீர்?”

“கழட்டுவன்.”

“அதுதான் மற்ற ஆறு வீடும் கழட்டுதே. நாங்கள் கழட்டத் தேவையில்லையெல்லே?”

“மற்ற ஆறு வீடும் இப்ப இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தா?”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப இனி மீனைக் கொஞ்சமா வாங்குவம்.”